அப்பா வைத்துவிட்டுப் போன வாசகம்

எங்கள் வீட்டில் இரண்டு வேதாகமங்கள் உண்டு. ஒன்று அப்பாவுடையது. தடித்தது, முதுகில் பிளாஸ்டர் ஒட்டியது, உள்ளே எழுபத்திமூன்று புத்தகங்கள். மற்றது என் கணவர் ஜொனாதனுடையது. கறுப்பு உறையும் ஸிப்பும் போட்டது, உள்ளே அறுபத்தாறு. இந்த ஏழு புத்தக வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மாமனும் மருமகனும் எனக்குக் கலியாணம் நடந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சண்டை பிடித்தார்கள். மற்ற வீடுகளில் மாமியும் மருமகளும் சண்டை பிடிப்பார்கள், அதற்கொரு நியாயமாவது இருக்கும். எங்கள் வீட்டுச் சண்டை வெளியே சொல்லவே வெட்கமானது.

அப்பாவின் பெயர் ஒஸ்வால்ட். கொழும்புத் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். கப்பலில் என்ன சாமான் வருகிறது என்று எழுதிய பத்திரத்தை மனிஃபெஸ்ட் என்பார்கள். இறங்குகிற மூடைகளை அந்த மனிஃபெஸ்டோடு ஒத்துப்பார்த்து அடையாளம் போடுவதுதான் அவருடைய வேலை. கொட்டாஞ்சேனையில் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய் தவறாமல் மெழுகுதிரி கொளுத்திய கத்தோலிக்கர். ஜொனாதன் வெள்ளவத்தை ஆள். காலி வீதியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அங்கேயே ஒரு ஒழுங்கைக்குள், வேதத்தைத் தவிர வேறொன்றையும் ஏற்காத ஒரு சபையில் அவர் விசுவாசி. சொரூபம் இல்லை, செபமாலை இல்லை, இறந்தவர்களுக்காகச் செபமும் இல்லை. நாங்கள் இருவரும் எப்படிச் சேர்ந்தோம் என்பது வேறு கதை, அதை இங்கே சொன்னால் சிரிப்பீர்கள். ஒருவர் மற்றவரை இழுப்பதில்லை என்று பேசி முடித்துக்கொண்டோம். அப்பா அந்தப் பேச்சில் கையொப்பம் வைக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஜொனாதன் சபை முடிந்து வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கு, நாங்கள் மூவரும் இருந்த அப்பாவின் வீட்டுக்கு வருவார். அப்பா காலைப் பூசை கண்டு, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுக் காத்திருப்பார். நான் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைக்கும்போதே அப்பா தொடங்கிவிடுவார்.

"தம்பி, கப்பலுக்குள்ள இருக்கிற மூடை தன்னைத்தானே எண்ணுமோ? எது எங்கட சரக்கு எண்டு ஒருத்தன் கரையில நிண்டு பாத்து அடையாளம் போடவேணும். உம்மட வேதத்துக்கு முன்பக்கத்தில ஒரு பொருளடக்கம் இருக்கெல்லே? அதை ஆர் எழுதினது? மோசேயோ, பவுலோ?"

"மாமா, கிளாக் அடையாளம் போட்டாப்போல உமி அரிசியாகாது. அவர் பாக்க முந்தியும் அரிசி அரிசிதான். சபை வேதத்தை உண்டாக்கேல்லை, இது வேதம் எண்டு கண்டுகொண்டது, அவ்வளவுதான்."

"கண்டுகொண்ட அதே கிளாக் ஏழு மூடையையும் சேத்துத்தானே கண்டுகொண்டவன்? அந்த ஏழை மட்டும் நீங்கள் ஏன் கடலுக்குள்ள தள்ளினீங்கள்?"

"அந்த ஏழும் யூதர்ட எபிரேய வேதத்தில இல்லை. இயேசுவும் அப்போஸ்தலரும் அதில இருந்து ஒரு வசனமாவது பேர் சொல்லி எடுத்துக் காட்டினவையே?"

"எடுத்துக் காட்டினாத்தான் வேதமோ? அப்ப யூதா தன்ட கடிதத்தில ஏனோக்கின்ட புத்தகத்தை எடுத்துக் காட்டுறாரே. அந்தப் புத்தகம் உம்மட்டையும் இல்லை, என்னட்டையும் இல்லை. அதுக்கு என்ன சொல்லுறீர்?"

ஜொனாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடித்ததும் சொல்லுவார்.

"மாமா, தேத்தண்ணி ஆறப்போகுது."

அதோடு அன்றைய சண்டை முடிந்தது. தோற்கிறவர்தான் தேத்தண்ணியைப் பற்றிக் கதைப்பது. இப்படியொரு சட்டத்தை யாரும் போடவில்லை, எங்கும் எழுதி ஒட்டவும் இல்லை. ஆனால் இருவரும் ஒருநாளாவது அதை மீறியதில்லை. வேறு சில ஞாயிறுகளில் ஜொனாதன் புனித எரோனிமுஸைக் கொண்டுவருவார். அந்த ஏழையும் வேறாக வைக்கவேண்டும் என்று எழுதியவர் உங்கள் சொந்தப் புனிதர்தானே மாமா என்று மெதுவாகக் கேட்பார். அன்றைக்கு அப்பாவுக்குத் திடீரென்று தாகம் எடுக்கும். "எவ்லின், தேத்தண்ணி ஆறப்போகுது பிள்ளை" என்று குசினிப் பக்கம் திரும்பிச் சொல்லுவார், நான்தான் ஆற வைத்தது போல.

நான் எந்தப் பக்கமும் இல்லை. நான் கத்தோலிக்கப் பெண்தான், ஆனால் அப்பாவின் தடித்த வேதாகமத்தை நான் திறந்தது குறைவு. "உங்கட ஆக்கள் எழுபத்திமூண்டு வைச்சிருக்கினம், ஒண்டையும் திறக்கினமில்லை" என்று ஜொனாதன் சீண்டுவார். அது பொய்யில்லை என்பதால் எனக்குக் கோபம் வரும். பூசையில் வாசிக்கும்போது கேட்கிறோம்தானே என்று வாய் காட்டுவேன்.

பிறகு அப்பா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினார். சவரக்கத்தியைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார். துறைமுகத்துக்குப் போகவேண்டும் என்று விடியற்காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார். களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் நல்ல பெண், அப்பாவை வெளியே அனுப்பாமல் அவருக்கே சொன்னார். நினைவு கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், மருந்து அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அப்பா தலையை ஆட்டி, "ஸ்தூதி, டொக்டர்" என்று சிங்களத்தில் நன்றி சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் இருந்தார். பொரளை வரும்வரைக்கும் வாய் திறக்கவில்லை. கனத்தை மயானத்து மதிலைக் கண்டதும் என் பக்கம் திரும்பினார்.

"எவ்லின், நான் செத்தா, பெட்டி எடுக்க முந்தி வீட்டில செபம் சொல்லுவினமெல்லே? அதில ஜொனாதன்தான் வாசிக்கவேணும்."

"ஏனப்பா இப்ப சாவைப் பற்றிக் கதைக்கிறீங்கள்?"

"சீராக் ஆகமம், மூண்டாம் அதிகாரம்." எனக்கு மறுமொழி சொல்லாமல் முன் சீற்றிலிருந்த ஜொனாதனின் தோளைத் தட்டினார். "உம்மட புத்தகத்தில தேடாதேயும் தம்பி. அதில இல்லை."

ஜொனாதன் சிரித்துவிட்டார். "செத்த பிறகும் விடமாட்டீங்களோ மாமா?"

"பெட்டிக்குள்ள கிடந்து கேட்டுக்கொண்டிருப்பன். வாசிப்பீரோ, மாட்டீரோ?"

"வாசிக்கிறன் மாமா."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவ்வளவு சனத்துக்கு முன்னால், மருமகனின் வேதாகமத்தில் இல்லாத ஒரு புத்தகத்தை மருமகனின் வாயாலேயே வாசிக்க வைத்து ஒரேயடியாக வெல்லப் பார்க்கிறார் மனிதர் என்று நினைத்தேன். சீராக் மூன்றில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. தாய் தந்தையை மதிக்கவேண்டும் என்று திருக்குடும்பத் திருநாளில் வருடா வருடம் ஏதோ வாசிப்பார்களே, அது என்று மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை நான் விரிவாகச் சொல்லப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. அப்பாவைக் குளிப்பாட்டியது, முகம் வழித்தது, இரவில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனது எல்லாம் ஜொனாதன்தான். மகளுக்கு முன்னால் அப்பாவுக்குக் கூச்சம். மருமகனைச் சில நாட்கள் யாரென்றே தெரியாமல் அடிக்கக் கை ஓங்குவார். ஜொனாதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "சரி மாமா, முகத்தைத் துடைப்பம்" என்பார்.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜொனாதன் வந்து தன் கறுப்பு வேதாகமத்தை மேசையில் வைத்தார். அப்பா அதைத் தடவிப் பார்த்தார். பிறகு பழைய குரலில், துறைமுகக் குரலில் சொன்னார்.

"தம்பி, அந்த ஏழு புத்தகமும் எங்கட வேதத்தில இல்லைத்தானே. யூதர் அதை ஏற்கேல்லை. பிறகு நாங்கள் எப்பிடி ஏற்கிறது?"

நான் குசினி வாசலில் தட்டோடு நின்றுவிட்டேன். அப்பாவுக்குத் தான் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோயிருந்தது. அத்தனை வருடம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே ஜொனாதன் காத்திருந்தார்! "ஓம் மாமா" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வெள்ளவத்தைச் சபையில் அடுத்த வாரம் எழுந்து நின்று அதைச் சாட்சியாகவும் சொல்லியிருக்கலாம். அவர் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார்.

"அதெப்பிடி மாமா? மூடை தன்னைத்தானே எண்ணுமோ? முன்பக்கத்தில இருக்கிற பொருளடக்கத்தை ஆர் எழுதினது? மோசேயோ, பவுலோ?"

அப்பாவின் முகம் எவ்வளவு மாதத்துக்குப் பிறகு அப்படி மலர்ந்தது! நிமிர்ந்து உட்கார்ந்தார். "உமி அரிசியாகாது தம்பி!" என்று தொடங்கினார். ஒருவர் மற்றவரின் கட்சியில் நின்றுகொண்டு இருட்டும்வரை சண்டை பிடித்தார்கள். தேத்தண்ணியைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அது உண்மையாகவே ஆறிப்போனது, நான் திரும்பச் சூடாக்கினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அப்பா எந்தப் பக்கம் நிற்கிறார் என்று முதலில் பார்த்துவிட்டு ஜொனாதன் எதிர்ப்பக்கம் போய் நிற்பார். அப்பா சொல்லிய நியாயங்களில் ஒன்றும் அவருக்கு மறக்கவில்லை, அப்பா சொல்லை இழுத்து நிறுத்துகிற இடங்கள்கூட அப்படியே வந்தன. ஒருநாள் நான் கேட்டேன், நம்பாததைச் சொல்கிறீர்களே, உங்கள் சபையில் அது பாவமில்லையா என்று.

"நான் பொய் சொல்லேல்லை எவ்லின். மாமா சொன்னதை மாமாவுக்குத் திருப்பிச் சொல்லுறன்" என்றார்.

அப்பா ஒரு புதன்கிழமை காலை, முகம் வழித்து முடிந்த பிறகு, கதிரையிலேயே அமைதியாகப் போய்விட்டார். அவ்வளவு அலைந்த மனிதருக்குக் கடவுள் அந்த ஒரு இரக்கத்தைக் காட்டினார்.

என் அண்ணா நோபேட் மிலானிலிருந்து அடுத்த நாள் வந்து சேர்ந்தார். நான் கலியாணம் முடிக்க முந்தியே இத்தாலிக்குப் போனவர். அங்கே அந்தோனியார் திருநாளுக்கு எங்கள் ஆட்களைச் சேர்த்துச் சுற்றுப்பிரகாரம் எடுப்பவர், கழுத்தில் எப்போதும் செபமாலை. அப்பாவின் நினைவு போகத் தொடங்கிய பிறகு அவர் வரவே இல்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துக் குசினிக்கு வந்தார். கீழ்வீட்டு ஷபீகா பெரிய பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "எவ்லின், ஏதும் தேவைப்பட்டா ஒரு சத்தம் வைங்க" என்று சொல்லி இறங்கிப் போனாள். நான் அண்ணாவுக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்து, நாளைச் செபத்தில் சீராக்கை ஜொனாதன் வாசிப்பார் என்று சொன்னேன். அவர் கோப்பையை வாங்கவில்லை.

"என்ன கதை இது? அந்தப் புத்தகம் கடவுள்ட வார்த்தையில்லை எண்டு சொல்லுற ஆள், அப்பாவின்ட பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு அதையே வாசிக்கிறதோ?"

"அப்பாதான் கேட்டவர் அண்ணா."

"அப்பாவுக்கு நினைவு சரியில்லாத நேரம் கேட்டிருப்பார்."

"இல்லை. அண்டைக்கு எல்லாம் சரியாத்தான் இருந்தது. உங்களுக்கு எப்பிடித் தெரியும், நீங்கள் இஞ்ச இருந்தனீங்களே?"

சொன்ன பிறகு எனக்கே சுட்டது. அண்ணா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "நான் போன் எடுத்தா, என்னை ஷிப்பிங் ஏஜென்ட் எண்டு நினைச்சு, கப்பல் எப்ப வருது எண்டு கேட்டார். மூண்டு நாலு முறை அப்பிடி. பிறகு எனக்கு எடுக்க ஏலாமப் போச்சு" என்றார். பிறகு வாசலில் நின்ற ஜொனாதனைப் பார்த்தார்.

"சரி, வாசியும். ஆனா வாசிச்சு முடிய, 'இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு' எண்டு சொல்லவேணும். சொல்லுவீரோ?"

இது கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு விளங்காது. எங்கள் வழக்கத்தில், வாசகம் வாசிக்கிறவர் கடைசியில் அந்த வார்த்தையைச் சொல்லவேண்டும். அதைக் கேட்டதும் சனம் முழுவதும் "இறைவா உமக்கு நன்றி" என்று பதில் சொல்லும். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, நித்திரையில் சொன்னாலும் பதில் சொல்லுவோம்.

ஜொனாதன் கண்ணாடியைக் கழற்றினார். "இல்லை அண்ணா. வாசிக்கிறன். அதைச் சொல்ல ஏலாது."

"அப்ப நான் வாசிக்கிறன்" என்று அண்ணா எழுந்து போனார். போகும்போது மேசையிலிருந்த அப்பாவின் தடித்த வேதாகமத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு வந்த கோபத்தை நான் யார்மேல் காட்டுவது? கையில் அகப்பட்டவர் புருஷன்தான். "ஒரு வசனம்தானே! சொன்னா வாய் வெந்துபோகுமோ? ஞாயிற்றுக்கிழமையில அப்பாவுக்காக அந்தப் பக்கம் நிண்டு அவ்வளவும் கதைச்சனீங்கள்!"

"இவ்வளவு வருசமும் மாமாவும் நானும் சண்டை பிடிச்சதே அந்த ஒரு வசனத்துக்குத்தான்" என்றார் ஜொனாதன். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். "ஞாயிற்றுக்கிழமை நான் மாமாவின்ட பேரில கதைச்சனான். இது ஆண்டவரின்ட பேரில சொல்லுறது. நம்பாமச் சொன்னா, முதல்ல மாமாவே என்னைப் பாத்துச் சிரிப்பார்."

பங்குக் கோயில் பாதரிடம் போனேன். எங்கள் பாதர் நல்லவர், ஆனால் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "கோயில்ல பூசைக்குள்ள எண்டா நான் மேல கேக்கவேணும் எவ்லின். வீட்டுச் செபத்தில அவர் வாசிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் கடைசி வார்த்தையை நீங்கள் குடும்பமாக் கதைச்சுத் தீர்த்துக்கொள்ளுங்கோ" என்றார். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேலாகப் பெரிய பெரிய ஆயர்களும் வேதசாஸ்திரிகளும் தீர்க்காததை என் குசினிக்குள் ஒரு ராத்திரியில் தீர்க்கச் சொல்லி அனுப்பினார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எனக்கு அன்றைக்குத்தான் சரியாக விளங்கியது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பா கேட்டார், ஜொனாதன் சரி என்றார், அது நடக்கவேண்டும். ஆனால் அது நடந்தால் அண்ணா கோபித்துக்கொண்டு மிலானுக்குப் போய்விடுவார், பிறகு அப்பாவும் இல்லாத வீட்டுக்கு அவர் எதற்கு வரப்போகிறார்?

மறுநாள் பின்னேரம் விறாந்தை, கூடம் எல்லாம் சனம். செபக்குழுப் பெண்கள் பெட்டியைச் சுற்றிப் பாயில் இருந்தார்கள். ஜொனாதனின் சபைச் சகோதரர்கள், வெள்ளைச் சட்டையோடு, உள்ளே வரக் கூச்சப்பட்டுப் படிகளில் நின்றார்கள். ஷபீகா புதிதாக ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி கொண்டுவந்து பெட்டிக்குப் பின்னால் சின்ன மேசையில் வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோடு நின்றாள். அண்ணா முன்வரிசைக் கதிரையில் இருந்தார். மடியில் அப்பாவின் வேதாகமம், பக்கத்துக்குள் விரல். தான்தான் வாசிக்கப்போவதாக அவர் தயாராக இருந்தார்.

பாதர் சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்கினார். செபத்தை முடித்து, "வாசகம்" என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் மெழுகுதிரியைப் பார்த்தார்.

அண்ணா எழுந்தார். அதே நேரம் ஜொனாதனும் எழுந்தார். அவர் கையில் ஒன்றும் இல்லை. தன் கறுப்பு வேதாகமத்தைக்கூட அவர் கொண்டுவரவில்லை, அதில் அந்தப் பக்கம் இல்லையே. இருவரும் பெட்டிக்கு இருபுறமும் நின்றார்கள். பாயிலிருந்த பெண்கள் தலையை நிமிர்த்தினார்கள், படியிலிருந்த சகோதரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணா, தாங்கோ. மாமாவுக்குச் சரி எண்டு சொன்னனான்" என்றார் ஜொனாதன். சண்டைக்காரக் குரல் இல்லை, கடையில் யாரிடமாவது பழைய கண்ணாடியைக் கேட்கிற குரல்.

அண்ணா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை நீட்டினார். கொடுத்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சீராக்கின் ஞான நூலிலிருந்து வாசகம்" என்று ஜொனாதன் தொடங்கினார். தந்தையை மதிக்கிறவனின் பாவங்கள் கழுவப்படும், தாயைப் போற்றுகிறவன் செல்வம் சேர்ப்பவன். இதுதான் எனக்குத் தெரியுமே என்று நான் நினைத்தேன். அவர் எழுத்தெழுத்தாக, ஒரு சொல்லையும் விழுங்காமல் வாசித்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டியபோது வேகம் குறைந்தது. அந்தப் புத்தகம் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கதைக்கத் தொடங்கியிருந்தது. உன் தகப்பனுக்கு வயது போகும்போது அவரைத் தாங்கு. அவர் உயிரோடு இருக்கும்வரை அவர் மனதை நோகடிக்காதே. அவருடைய புத்தி அவரைவிட்டுப் போனாலும் பொறுத்துக்கொள். உனக்குப் பலம் இருக்கிறது என்பதற்காக அவரைச் சின்னதாக எண்ணாதே.

இந்த இடத்தில் ஜொனாதன் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னார். தன் வேதாகமத்தில் இல்லாத ஒரு புத்தகத்தின் வசனத்தை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த பஸ் நினைவுக்கு வந்தது. டொக்டரின் அறையிலிருந்து வந்த கையோடு, பொரளைவரை வாய் திறக்காமல் இருந்து யோசித்து, அப்பா இந்த அதிகாரத்தைத் தெரிந்தெடுத்தார். அவர் வெல்லப் பார்க்கவில்லை. புத்தி போகப்போகிறது என்று கேட்டுவிட்டு வந்த மனிதர், என்னைப் பொறுத்துக்கொள்ளும் தம்பி என்று வாய்விட்டுக் கேட்க மானம் விடாமல், தங்கள் சண்டைக்குள் சுற்றிக் கொடுத்திருக்கிறார். ஜொனாதன் அந்தக் கிழமையே அதைத் திறந்து வாசித்திருக்கவேண்டும், செய்யவும் செய்தார். எழுபத்திமூன்று புத்தகம் வைத்திருந்த நான்தான் திறக்கவில்லை. அந்த இடத்தில் நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

வாசகம் முடிந்தது. ஜொனாதன் புத்தகத்தை மூடாமல் நின்றார். இப்போது அந்த வார்த்தை வரவேண்டும். வாயிலே பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு கூடம் முழுவதும் காத்திருந்தது. ஜொனாதனின் உதடு ஒருமுறை அசைந்தது. அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். படியிலிருந்த அவருடைய ஆட்களுக்காக அல்ல, பெட்டிக்குள் கிடந்தவருக்காகத்தான் அவர் வாயை மூடிக்கொண்டு நின்றார். மெழுகுதிரி பொரிகிற சத்தம் கேட்டது. பாதர் தொண்டையைக் கனைத்தார்.

நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் முழங்கையைத் தொடையில் ஊன்றி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அந்தக் கைகளுக்குள்ளிருந்துதான் வந்தது, கரகரத்த குரலில், யாரும் சொல்லச் சொல்லாமல்.

"இறைவா உமக்கு நன்றி."

ஒரு கணம் கழித்துப் பாயிலிருந்த பெண்கள் சொன்னார்கள். பிறகு பின்னால் நின்றவர்கள், பாதர், நான். கேள்வி வராமலே பதில் வந்துவிட்டது. அந்த விடுபட்ட வார்த்தையைப் பற்றிப் பிறகும் கொட்டாஞ்சேனையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

செபம் முடிந்து, பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள். ஜொனாதன் வேதாகமத்தை அண்ணாவின் கையில் கொடுத்துவிட்டு அப்பாவிடம் போனார். விலகியிருந்த டையை நேராக்கினார், புதன்கிழமை தான் வழித்துவிட்ட நாடியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து, காதோடு சொன்னார்.

"மாமா, தேத்தண்ணி ஆறப்போகுது."

பக்கத்தில் நின்ற எனக்கும் அண்ணாவுக்கும் மட்டும்தான் அது கேட்டது. அந்தச் சட்டம் தெரியாத அண்ணா பாவம், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஷபீகா வைத்த பிளாஸ்க்கைத் திரும்பிப் பார்த்தார். அவர் போய் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு வந்து ஜொனாதனின் கையில் கொடுக்கும்வரை நான் அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.